வாசலில் செக்யூரிட்டி தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டால்? இந்தியச் சட்டப்படி அவர்களுக்கு அந்த உரிமை உண்டா?

மூன்றாம்வரிசை எழுதியது:

போன ஞாயிறு மாலைக் காட்சிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு மல்டிபிளக்ஸுக்குப் போனேன். பெயர் வேண்டாம். அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. காய்ச்சி ஆற்றிய தண்ணீர் இல்லாமல் வீட்டைவிட்டு இறங்க மாட்டார். பை சோதிக்கும் மேசையில் இருந்த செக்யூரிட்டி பாட்டிலை வெளியே எடுத்து, "வாட்டர் பாட்டில் அலோ இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த நீல டிரம்மில் போட்டார். உள்ளே ஏற்கெனவே முப்பது நாற்பது பாட்டில் கிடந்தது. டோக்கன் கேட்டேன். "படம் முடிஞ்சு வாங்க, குடுத்துடுவோம்" என்றார்.

படம் முடிந்து வந்தபோது ஷிப்ட் மாறியிருந்தது. டிரம் காலி. புதிதாக நின்றவருக்கு ஒன்றும் தெரியவில்லை. போனது பிளாஸ்டிக் பாட்டில் என்றால் விட்டுத் தொலைத்திருப்பேன். இது எவர்சில்வர் பாட்டில், அடியில் அம்மாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அம்மா இப்போது இல்லை. அப்பா காரில் ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: ஒரு தனியார் செக்யூரிட்டி என் பொருளைப் "பறிமுதல்" செய்யலாமா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தயிர்சாதம் எழுதியது:

நேராக ஸ்டேஷனுக்குப் போய்த் திருட்டு கேஸ் கொடுங்கள். பி.என்.எஸ்., அதாவது ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 303ஆம் பிரிவு. அனுமதி இல்லாமல் அடுத்தவன் பொருளை எடுத்தால் அது திருட்டு. இரண்டு பேர் உள்ளே போனால்தான் இவர்களுக்குப் புத்தி வரும்.

---

பழையடிக்கெட் எழுதியது:

கேஸ் எல்லாம் நிற்காது நண்பரே. 2023இல் சுப்ரீம் கோர்ட்டே தியேட்டர் பக்கம் சொல்லிவிட்டது. தியேட்டர் தனியார் சொத்து, அவர்கள் வைத்ததுதான் விதி. பிடிக்கவில்லை என்றால் வீட்டில் டிவி பாருங்கள் என்பதுதான் சட்டத்தின் நிலை. கசப்பாகத்தான் இருக்கும்.

---

கருப்புக்கோட்டு எழுதியது:

இரண்டு பேருமே பாதி சரி. நான் நுகர்வோர் வழக்குகள் நடத்துகிறவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வார்த்தை. பறிமுதல் என்பது அரசாங்கத்தின் வேலை. சட்டம் ஒரு அதிகாரிக்கு அதிகாரம் கொடுத்திருந்தால் அவர் செய்யலாம், அதையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். தியேட்டர் வாசலில் நிற்பவர் 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருபவர். பொது ஊழியர் அல்லாதவர் தரும் பாதுகாப்பு என்றுதான் அந்தச் சட்டம் தனியார் பாதுகாப்பையே விளக்குகிறது. சீருடையும் தோளில் பட்டையும் போட்டிருக்கலாம். பையைச் சோதிக்கவோ பொருளை எடுத்து வைத்துக்கொள்ளவோ உங்களுக்கும் எனக்கும் இருப்பதைவிட ஒரு துளி அதிக அதிகாரம்கூட அவருக்குக் கிடையாது.

அப்படியானால் அவர் எப்படிச் சோதிக்கிறார்? நீங்கள் சம்மதிப்பதால். சம்மதிக்கவில்லை என்றால் உள்ளே விட மாட்டேன் என்று சொல்ல இட உரிமையாளருக்கு உரிமை உண்டு, அந்த உரிமையை அவர் சார்பில் செக்யூரிட்டி சொல்கிறார். அவ்வளவுதான். "இதைக் கொண்டுபோக முடியாது" என்று சொல்லலாம். "இது இனி என்னுடையது" என்று சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் அம்மாவின் பாட்டில் தொலைந்திருக்கிறது.

பழையடிக்கெட் சொன்ன தீர்ப்பு 2023 ஜனவரி 3ஆம் தேதியது. ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2018 ஜூலையில், வெளியிலிருந்து உணவு கொண்டுவருவதைத் தியேட்டர்கள் தடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அதை எதிர்த்து வந்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட்டும் நீதிபதி பி.எஸ். நரசிம்மாவும் அதை ரத்து செய்தார்கள். தியேட்டர் தனியார் சொத்து, நியாயமான நிபந்தனை போட அவர்களுக்கு உரிமை உண்டு, அந்த மாநிலத்தின் 1975ஆம் ஆண்டு சினிமா விதிகளில் வெளி உணவை அனுமதித்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை என்பது காரணம். விசாரணையில் யாராவது ஜிலேபி கொண்டுவந்து பிசுபிசுத்த விரலை சீட்டில் துடைத்தால் சுத்தம் செய்யும் காசை யார் கொடுப்பது என்றுகூடக் கேட்டார்கள். பத்திரிகைகளில் ஜிலேபிதான் தலைப்புக்கு வந்தது.

தலைப்புக்கு வராதது இன்னொன்று. எல்லாருக்கும் இலவசமாகக் குடிநீர் கொடுக்கிறோம், கைக்குழந்தைக்குத் தேவையான உணவைப் பெற்றோர் கொண்டுவந்தால் தடுப்பதில்லை என்ற தியேட்டர்களின் நிலையும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. அதற்கும் முன்பே, 2015இல், திரிபுராவிலிருந்து வந்த ஒரு வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் தெளிவாகச் சொன்னது: தண்ணீர் கொண்டுவரத் தடை போட்டால், உள்ளே குடிக்கத் தகுந்த தண்ணீரை இலவசமாக வைத்தாக வேண்டும், காசு கொடுத்தால் கேன்டீனில் கிடைக்கிறதே என்பது பதில் ஆகாது.

ஆக, தடை செல்லும். ஆனால் தடைக்கு ஒரு விலை உண்டு, அந்த விலை இலவசத் தண்ணீர். பொருளை எடுத்து வைத்துக்கொள்வது இந்தத் தீர்ப்புகள் எதிலும் இல்லை.

---

தயிர்சாதம் எழுதியது:

அதைத்தானே நானும் சொன்னேன்! அவனுடையது இல்லை என்றால் திருட்டுதானே?

---

கருப்புக்கோட்டு எழுதியது:

திருட்டுக்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும், உங்கள் சம்மதமில்லாமல் எடுத்திருக்கவும் வேண்டும். டிரம்மில் போடச் சொன்னது நிர்வாகம். இவரும் "சரி, படம் முடிந்து வாங்கிக்கொள்கிறேன்" என்ற நினைப்பில் உள்ளே போயிருக்கிறார். எண்ணத்தை எப்படி நிரூபிப்பீர்கள்? பிற்பாடு யாராவது பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால் 314, அதாவது நேர்மையற்ற கையாடல், பொருந்தலாம். யார் என்று தெரிய வேண்டுமே.

இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. பி.என்.எஸ். 33ஆம் பிரிவைப் பாருங்கள், பழைய ஐ.பி.சி. 95. சாதாரண அறிவுள்ள எவரும் புகார் செய்யாத அளவுக்குச் சிறிய தீங்கு குற்றமே ஆகாது. பாதி குடித்த பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் எழுத்தர் இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்ல மாட்டார். ஆனால் அவர் சிரிக்கும் சிரிப்பு அந்தப் பிரிவுதான். இவருடைய எவர்சில்வர் பாட்டில் கொஞ்சம் வேறு விஷயம், ஒத்துக்கொள்கிறேன்.

நான் இதை வேறு கதவு வழியாகப் பார்ப்பேன். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 148ஆம் பிரிவு. ஒரு காரியத்துக்காக ஒருவர் கையில் பொருளை ஒப்படைத்து, காரியம் முடிந்ததும் திரும்பக் கொடுப்பது என்று இருந்தால் அது ஒப்படைப்பு. சைக்கிள் ஸ்டாண்டு, சலவைக்காரர், கோயில் வாசலில் செருப்பு விடும் இடம் எல்லாம் இந்தக் கணக்குதான். "படம் முடிஞ்சு வாங்க, குடுத்துடுவோம்" என்று அவர் சொன்னாரே, அந்த ஒரு வாக்கியம் போதும். வாங்கி வைத்தவர் தன் சொந்தப் பொருளைப் போல நியாயமான கவனத்துடன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151. கேட்காமலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது 160. டோக்கன் இல்லாதது அவர்கள் தவறு, உங்கள் தவறு இல்லை.

---

வாசல்காரன் எழுதியது:

நான் இந்த வாசலின் அந்தப் பக்கம் 6 வருடம் நின்றவன். இப்போது வேறு வேலை. கொஞ்சம் எங்கள் கதையையும் கேளுங்கள்.

பறிமுதல் என்ற வார்த்தையை நாங்கள் சொன்னதே இல்லை. "வாங்கி வை" என்பதுதான் சூப்பர்வைசர் வார்த்தை. காலையில் வரிசையில் நிற்க வைத்து, நேற்று யார் கேட்டில் சிப்ஸ் பாக்கெட் உள்ளே போனது என்று கேட்பார். உள்ளே சீட்டுக்கு அடியில் வெளி பாக்கெட் கிடைத்தால் அன்றைக்கு அந்த வாசலில் நின்றவனுக்கு வசவு, சில இடத்தில் சம்பளத்திலும் பிடிப்பார்கள். எங்களுக்குச் சட்டமும் தெரியாது, சுப்ரீம் கோர்ட்டும் தெரியாது. ஒரு காட்சிக்குக் கதவு திறந்த பத்து நிமிடத்தில் நூறு நூற்றைம்பது பேர் வந்து மோதுவார்கள்.

டோக்கன் இருந்தது. முதல் மாதம். பித்தளை வில்லையில் எண் அடித்து, கம்பியில் கோத்து வைத்திருந்தார்கள். ஜனங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பாதி தொலைந்ததும் திரும்ப அடிக்கவில்லை. அப்புறம் டிரம்தான்.

டிரம்மில் விழுந்தது என்ன ஆகும் என்று கேட்பீர்கள். சீல் உடைக்காத தண்ணீர் பாட்டிலை ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் எடுத்துக்கொள்வார்கள். உடைத்தது தொட்டிச் செடிக்கு. கூல்டிரிங்க்ஸ் என்றால், பொய் சொல்வானேன், நாங்கள்தான் குடிப்போம். எவர்சில்வர், செம்பு பாட்டிலை யாரும் குப்பையில் போட மாட்டார்கள். கழுவி, துடைப்பமும் பினாயிலும் வைக்கும் அறையில் மேல் தட்டில் வைப்பார்கள். யாராவது கேட்டு வந்தால் கொடுக்கலாம் என்றுதான். கேட்கிறவர்கள் செக்யூரிட்டியைக் கேட்பார்கள். அவனுக்கு அந்த அறையே தெரியாது.

மூன்றாம்வரிசை சார், ஒரு தடவை நேரில் போய் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரைக் கேளுங்கள். மேனேஜரை இல்லை.

---

மூன்றாம்வரிசை எழுதியது:

நன்றி அண்ணா. இது தோன்றவே இல்லை. வேலை நாளில் தூரம், வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.

கருப்புக்கோட்டு சார், ஒரு சந்தேகம். நான் ஆப்பில் டிக்கெட் எடுத்தபோது தண்ணீர் கொண்டுவரக் கூடாது என்று எங்கும் பார்க்கவில்லை. வாசலில் போர்டு இருந்தது. அது செல்லுமா?

---

மூன்றாமாண்டு எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்லட்டுமா? சட்டக் கல்லூரி மாணவன், அடுத்த வாரம் ஒப்பந்தச் சட்டத் தேர்வு. படித்ததை இங்கே ஒப்பிக்கிறேன்.

ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகு சொல்லும் நிபந்தனை ஒப்பந்தத்தில் சேராது. இங்கிலாந்தில் 1971இல் வந்த ஷூ லேன் பார்க்கிங் வழக்கு எல்லா வகுப்பிலும் நடத்துவார்கள். கார் நிறுத்துமிட வாசலில் இயந்திரம் டிக்கெட்டைத் துப்பும், அதில் பொடி எழுத்தில் நிபந்தனைகளைப் பார் என்றிருக்கும். அந்த நிபந்தனைகள் உள்ளே தூணில் ஒட்டியிருக்கும். டிக்கெட் வந்தபோதே ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டது, பிறகு பார்க்கிற தூண் செல்லாது என்றது நீதிமன்றம். அப்படிப் பார்த்தால் பணம் கட்டிய பிறகு வாசலில் பார்க்கும் போர்டும் அந்தத் தூண் மாதிரிதான். ஆனால் ஆப்பில் "நிபந்தனைகளை ஏற்கிறேன்" என்ற இடத்தைத் தொட்டிருப்பீர்கள், அதற்குள் இது இருந்தால் கதை வேறு. ஆப்பில் போய் அந்தப் பக்கத்தைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கு மாற்றிவிடலாம்.

அப்புறம் டிக்கெட் என்பதே சட்டப்படி ஓர் உரிமம், இடத்தில் வாடகை உரிமை இல்லை. 1845இல் டான்காஸ்டர் குதிரைப் பந்தயத்தில் டிக்கெட் வாங்கிய ஒருவரை வெளியே தள்ளினார்கள், வழக்கில் அவர் தோற்றார். உரிமத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 1915இல் ஒரு சினிமா கொட்டகையில் காசு கட்டவில்லை என்று தவறாக நினைத்து ஒருவரைத் தூக்கி வெளியே விட்டார்கள், அவர் ஜெயித்தார். நம் நாட்டில் இந்தக் குழப்பமே வேண்டாம் என்று 1882 வசதியுரிமைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு சொல்லிவிட்டது. காசு வாங்கிக்கொண்டு கொடுத்த உரிமத்தில், உங்கள் தவறு இல்லாமல் பாதியில் வெளியேற்றினால் இழப்பீடு கேட்கலாம்.

ஆகவே பாட்டிலுக்காக உள்ளே விடவே இல்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது டிக்கெட் பணத்தை.

---

கருப்புக்கோட்டு எழுதியது:

தம்பி, தேர்வு எழுதிவிடுவாய். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள். 64இல் "தன் தவறு இல்லாமல்" என்று இருக்கிறதே, எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். முன்கூட்டியே தெரிந்த நிபந்தனையை மீறிவிட்டு வாசலில் சண்டை போட்டால் அது உங்கள் தவறு ஆகிவிடும். தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தால் அத்துமீறி நுழைந்ததாக எதிர்ப் புகார் வரும்.

---

இரட்டைப்பிள்ளைஅம்மா எழுதியது:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. பிள்ளைகளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது ஒரு இசை நிகழ்ச்சிக்குப் போனோம். பால் பவுடர் டப்பாவையும் வெந்நீர் பிளாஸ்கையும் மேசையில் வைக்கச் சொன்னார்கள். குழந்தைக்கு என்றேன். "உள்ளே பால் கிடைக்கும் மேடம்" என்றார் அந்தப் பையன். உள்ளே கிடைத்தது காபிக்குப் போடுகிற பால்! என் கணவர் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லி, அவர் வந்து, பிளாஸ்க்கைத் திறந்து முகர்ந்து பார்த்து அனுப்பினார். அந்த முகர்தல் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கேட்க வந்தது இது. பையைச் சோதிப்பது சரி, சில இடங்களில் உடம்பைத் தடவிச் சோதிக்கிறார்கள். பெண் செக்யூரிட்டி இல்லாத வாசலில் என்ன செய்வது?

---

கருப்புக்கோட்டு எழுதியது:

வேண்டாம் என்று சொல்லலாம் மேடம். போலீஸ்கூடப் பெண்ணைச் சோதிப்பதென்றால் பெண்தான் சோதிக்க வேண்டும், கண்ணியமாகச் சோதிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தனியார் ஆண் காவலர் உங்களைத் தொடவே கூடாது. தொட்டால் அது பாட்டில் விவகாரம் இல்லை, பி.என்.எஸ். 74, அதாவது பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் தாக்குதல் வரை போகும். அங்கே 33ஆம் பிரிவைச் சொல்லி யாரும் சிரிக்க முடியாது. பெண் ஊழியரைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேளுங்கள்.

குழந்தை உணவுக்கு 2023 தீர்ப்பை வாசலிலேயே சொல்லலாம். போனில் செய்தியைத் திறந்து காட்டினால் பெரும்பாலும் மேனேஜர் இறங்கி வருவார். இன்சுலின், உப்பு சர்க்கரைக் கரைசல் போன்றவற்றுக்கு மருத்துவர் சீட்டு கையில் இருந்தால் நல்லது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டத்தில் நியாயமான இசைவு, அதாவது அவர்கள் தேவைக்கு ஏற்ப விட்டுக்கொடுத்து நடப்பது, என்ற கோட்பாடு இருக்கிறது, அதையும் நினைவில் வையுங்கள்.

பையை மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு, உங்களைப் போகவும் விடாமல் நிறுத்தி வைத்தால் அது பி.என்.எஸ். 126, 127. தவறான தடுப்பு, தவறான அடைப்பு. தனியார் ஒருவர் இன்னொருவரைப் பிடித்து வைக்கலாம் என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 40இல் இருக்கிறது. அது கண்ணெதிரே நடந்த, ஜாமீனில் விட முடியாத, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்துக்கும் தேடப்படும் குற்றவாளிக்கும் மட்டும். தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை.

---

கேலரிப்பையன் எழுதியது:

தியேட்டரை விடுங்கள், கிரிக்கெட் மைதானத்துக்கு வாருங்கள். அங்கே பாட்டிலைத் தடுப்பது நியாயம் என்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 1996 உலகக் கோப்பை அரையிறுதி, ஈடன் கார்டன்ஸ். நம் ஆட்கள் பாட்டில் எறிந்து, தீ மூட்டி, மேட்ச்சையே இலங்கைக்குக் கொடுத்துவிட்டார்கள். 2015இல் கட்டாக்கில் தென்னாப்பிரிக்காவுடன் டி20, பாட்டில் மழையில் ஆட்டம் நின்றது. இரண்டையும் டிவியில் பார்த்து வெட்கப்பட்டவன் நான். 2018இல் சேப்பாக்கத்தில் செருப்பு பறந்தது, அதற்காகச் செருப்பைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை என்பது வேறு.

மைதானத்தில் எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான். வெளியே நாலு மணி வெயில், உள்ளே தண்ணீர் பந்தல் எங்கேயோ ஒரு மூலையில், அங்கே வரிசை இரண்டு ஓவர் நீளம்.

---

பழையடிக்கெட் எழுதியது:

அதேதான். வெளிநாடு போகும் விமானத்தில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்றால் பேசாமல் குப்பையில் போடுகிறோம். இங்கே மட்டும் சட்டம் பேசுகிறோம்.

---

கருப்புக்கோட்டு எழுதியது:

விமான நிலையத்தில் நிற்பவர் பெரும்பாலும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை. அரசு ஊழியர், பின்னால் சட்டமும் விமானப் பாதுகாப்பு உத்தரவும் இருக்கின்றன. அந்த 100 மில்லி வந்ததற்கே காரணம் 2006 ஆகஸ்டில் லண்டனில் பிடிபட்ட திரவ வெடிகுண்டுச் சதி. அங்கேகூடக் கூர்ந்து பாருங்கள்: குப்பைத் தொட்டியில் போடுவது நீங்கள். திரும்பிப் போய் வழியனுப்ப வந்தவரிடம் கொடுத்துவிட்டு வரவும் செய்யலாம். நான் தியேட்டரில் கேட்பதும் அதே தேர்வைத்தான்: காரில் வைத்துவிட்டு வருகிறீர்களா, இங்கேயே குடித்து முடிக்கிறீர்களா, டோக்கனுக்கு ஒப்படைக்கிறீர்களா, பணத்தை வாங்கிக்கொண்டு திரும்புகிறீர்களா. இந்த நாலையும் சொல்லாமல் கையிலிருந்து வாங்கி டிரம்மில் போடுவதுதான் தப்பு.

கேலரிப்பையன் சொன்னதில் எனக்கு முரண்பாடு இல்லை. பாதுகாப்புக்காகத் தடுப்பதும் பாப்கார்ன் விற்பதற்காகத் தடுப்பதும் ஒன்றல்ல. நீதிமன்றம் இரண்டையும் அனுமதிக்கிறது, சரி. ஆனால் இரண்டாவதைப் பாதுகாப்பு என்ற பெயரில் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

---

தயிர்சாதம் எழுதியது:

உள்ளே அதே தண்ணீர் பாட்டிலை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கிறார்களே, அதையாவது கேட்கலாமா? இல்லை அதற்கும் 33ஆம் பிரிவா?

---

கருப்புக்கோட்டு எழுதியது:

அதற்கு நல்ல பிடி இருக்கிறது. அடைத்து விற்கும் பொருள்களுக்கான எடை அளவை விதிகள் 2011. அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்கக் கூடாது. தியேட்டருக்கென்று தனி விலை அச்சிட்டு ஒரே பாட்டிலை இரண்டு விலையில் விற்கும் தந்திரம் இருந்தது, 2018 ஜனவரி 1 முதல் அதற்கும் தடை. ஹோட்டல்களுக்கு மட்டும் 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விலக்கு மாதிரி ஒன்று கொடுத்தது, உட்கார வைத்துப் பரிமாறும் சேவையும் சேர்ந்தது என்பதால். கவுண்டரில் பாட்டிலை நீட்டுவதைச் சேவை என்று தியேட்டர் வாதாடலாம், எனக்கு ஏற்பில்லை. பாப்கார்னுக்கு எம்.ஆர்.பி. கிடையாது, அது அடைத்த பொருள் இல்லை, அங்கே ஒன்றும் செய்ய முடியாது. பில்லையும் பாட்டிலையும் சேர்த்துப் படம் எடுத்துத் தொழிலாளர் துறையின் எடை அளவைப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

---

வாசல்காரன் எழுதியது:

பாட்டிலுக்குள் "வேறு" தண்ணீர் கலந்து வருகிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஸ்பிரைட் பாட்டில் என்பார்கள், மூடியைத் திறந்தால் மூக்கு எரியும். அதைப் பிடித்தால் எங்களிடமே சட்டம் பேசுவார்கள்.

---

கருப்புக்கோட்டு எழுதியது:

அண்ணே, அவர்களுக்காக நான் ஆஜராகவில்லை. உள்ளே விடாமல் போலீஸைக் கூப்பிடுங்கள். டிரம்மில் மட்டும் போடாதீர்கள், மறுநாள் தொட்டிச் செடிக்கு என்ன ஆகும் என்று எனக்குக் கவலை.

மூன்றாம்வரிசை, உங்களுக்கு வழிமுறை. ஞாயிறுக்கு இன்னும் பத்து நாள் ஆகவில்லை, ஆகவே இன்றைக்கே தியேட்டருக்கு ஒரு மின்னஞ்சல். தேதி, காட்சி, சீட் எண், எந்த வாசல், பாட்டிலின் அடையாளம். அந்த வாசல் சிசிடிவிப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி தனியாக ஒரு வரி. பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், அதற்குள் கடிதம் போயிருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலேயே பாதி விவகாரம் முடியும். முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தில் கேளிக்கையும் சேவைதான், நீங்கள் நுகர்வோர்தான். உங்கள் வீடு இருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், தியேட்டர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

மனுவில் "ஒப்பந்தமே நியாயமற்றது" என்று எழுதிவிடாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் என்ற வாதத்தை மாநில ஆணையமும் தேசிய ஆணையமும்தான் கேட்கும், மாவட்டத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சேவைக் குறைபாடு என்று எழுதுங்கள்: இலவசத் தண்ணீர் இல்லை, வாங்கி வைத்த பொருளைத் திருப்பித் தரவில்லை. எதிர்மனுதாரர் தியேட்டர் நிறுவனம். அந்த செக்யூரிட்டி பையனின் பெயரைச் சேர்க்காதீர்கள்.

உள்ளே இலவசத் தண்ணீர் இருந்ததா என்று நீங்கள் இன்னும் சொல்லவே இல்லை. வழக்கின் உயிரே அதில்தான்.

---

மூன்றாம்வரிசை எழுதியது:

இருந்தது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம் சார். கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு ஃபில்டர். மேலே "குடிநீர்" என்று ஸ்டிக்கர். குழாயைத் திருகினால் காற்று வந்தது. டம்ளர் வைக்கும் இடத்தில் ஒரு பாப்கார்ன் டப்பா. இது ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது, படம் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை போகும்போது எடுக்கிறேன்.

---

கருப்புக்கோட்டு எழுதியது:

வீடியோவாக எடுங்கள். குழாயைத் திருகும் கையும் தேதியும் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை எடுப்பது ஞாயிற்றுக்கிழமைக்கு முழுச் சாட்சி ஆகாது, இருந்தாலும் ஒன்றும் இல்லாததற்கு அது மேல்.

---

மூன்றாம்வரிசை எழுதியது:

போய் வந்தேன். வாசல்காரன் அண்ணா சொன்னபடி ஹவுஸ்கீப்பிங் அக்காவைக் கேட்டேன். "என்ன பேரு வெட்டியிருக்கும்?" என்றார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். அந்த மேல் தட்டில் ஏழெட்டு பாட்டில், இரண்டு டிபன் பாக்ஸ், ஒரு குழந்தையின் சிப்பர். நடுவில் எங்களுடையது. பினாயில் வாசனை அடித்தது, மூன்று தடவை கழுவினோம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், பெயர் அப்படியே இருக்கிறது. மூடிதான் வேறு யாருடையதோ.

ஃபில்டரில் இன்றைக்கும் காற்றுதான் வந்தது. வீடியோ எடுத்தேன். மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் இல்லை. தண்ணீருக்காக 1915இல் புகார் பதிந்துவிட்டேன், எண் வந்திருக்கிறது.

சார், மூடிக்குத் தனியாக ஒரு மனு போட முடியுமா?

---

மூன்றாமாண்டு எழுதியது:

பிரிவு 33.